ஊருக்குப் போகுமுன் பெயரை இங்கே பதிந்துவிட்டுப் போங்கள்!

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பண்டிகை நெருங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள நமக்குக் காலண்டர் வேண்டியதில்லை. செகந்திராபாத் முன்பதிவுக் கவுண்டரில் நம் ஆட்கள் நிற்பதைப் பார்த்தாலே போதும். "தம்பி, விழுப்புரம் வரைக்கும் நாலு டிக்கட்டு, எப்படியாவது பாரு" என்ற குரல் காதில் விழுந்துவிட்டால் பொங்கல் வந்துவிட்டது என்று பொருள். கவுண்டரின் உள்பக்கத்தில் உட்கார்ந்து பல வருடங்களாக இந்தக் குரலைக் கேட்டு வருகிறவன் நான்.

இன்றைக்கு இரண்டு விஷயங்களைப் பற்றிப் பேசும்படி செயற்குழு சொல்லியிருக்கிறது. ஒன்று, மாநகராட்சிச் செய்திகள். இரண்டு, விடுமுறைக் காலத்துக்கு வேண்டிய தகவல்கள். இரண்டும் வேறு வேறு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நம்மைப் போன்ற வந்தேறிக் குடும்பங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அதை ஒரு சம்பவத்தின் மூலம் சொல்கிறேன்.

கதவு பேசாது

2024ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. அடுத்த வாரமே, நவம்பர் 6ஆம் தேதி, தெலங்கானா அரசு வீடு வீடாகச் சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. முதலில் வீடுகளை அடையாளம் கண்டு கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிறகு 9ஆம் தேதியிலிருந்து குடும்ப விவரங்களைக் கேட்டு எழுதினார்கள். லாலாகூடா பக்கத்தில் நம்மவர்கள் இருக்கும் ஒரு சந்தில் மூன்று குடும்பங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள், கல்யாணம், காரியம் என்று இரண்டு வாரம் கூடுதலாகத் தங்கிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் எதிர் வீட்டில் ஸ்டிக்கர் இருக்கிறது, பக்கத்து வீட்டிலும் இருக்கிறது. இவர்கள் மூன்று வீட்டில் மட்டும் இல்லை.

அந்த வீட்டு அம்மா என்னிடம் கேட்டார்: "நாங்க இல்லாத நேரம் பாத்து வந்துட்டுப் போயிட்டா நாங்க என்ன தம்பி பண்றது? கதவு இருந்துச்சே, அது பேசாதா?"

கதவு பேசாது அம்மா! கணக்கெடுக்க வந்தவரையும் குறை சொல்ல முடியாது. அவர் ஒரு பள்ளி ஆசிரியை. பூட்டிய வீட்டின் முன் எத்தனை தடவை நிற்பார்? உங்களையும் குறை சொல்ல முடியாது. வருடத்தில் ஒருமுறை பெற்றவர்கள் முகத்தைப் பார்க்கப் போவது குற்றமா? ஆனால், இருவர் மீதும் குறை இல்லாமலேயே மூன்று குடும்பங்கள் கணக்கில் இல்லாமல் போய்விட்டன.

நல்லவேளையாக, மாநிலம் முழுவதிலும் ஏறத்தாழ 3.1 சதவீதக் குடும்பங்கள் விடுபட்டுப் போயின என்று அரசே ஒப்புக்கொண்டு, 2025 பிப்ரவரி 16 முதல் 28 வரை மறு வாய்ப்புக் கொடுத்தது. அந்த நாட்களில் நம் தோழர்கள் உடன் போய் அந்த மூன்று குடும்பங்களையும் பதிய வைத்தார்கள். எல்லாத் தடவையும் மறு வாய்ப்புக் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியுமா?

நகரம் வளர்ந்த கதை

இந்த நகரத்துக்கு நாம் நேற்று வந்தவர்கள் அல்ல. ஆங்கிலேயரின் பட்டாளத்தோடு சிப்பாயாகவும், சமையல்காரராகவும், கூலியாகவும், கணக்கெழுதுபவராகவும் செகந்திராபாத்துக்கு வந்தவர்கள் நம் மூதாதைகள். 1874இல் ரயில் வந்தது. 1893இல் லாலாகூடாவில் ரயில்வே பணிமனை வந்தது. அந்தப் பணிமனையை நம்பி எத்தனை குடும்பங்கள் வேரூன்றின என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். இன்றும் பெயரோடு நிற்கிற மகபூப் கல்லூரியை 1862இல் ஒரு பள்ளிக்கூடமாகத் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார். 1893இல் விவேகானந்தர் வந்து உரையாற்றியது அங்கேதான்.

செகந்திராபாத்தும் ஐதராபாத்தும் ஒரே மாநகராட்சி ஆனது 1960இல். பிறகு 2007 ஏப்ரல் 16ஆம் தேதி சுற்றிலும் இருந்த 12 நகராட்சிகளையும் 8 ஊராட்சிகளையும் சேர்த்து பெரு ஐதராபாத் மாநகராட்சி உண்டாயிற்று. குகட்பள்ளியும் எல்.பி. நகரும் மல்காஜ்கிரியும் உப்பலும் அப்படித்தான் உள்ளே வந்தன. வார்டுகள் 150 ஆயின. 2025 டிசம்பரில் வெளிவட்டச் சாலையை ஒட்டிய மேலும் 27 நகராட்சிகளும் மாநகராட்சிகளும் இணைக்கப்பட்டு, வார்டுகள் 300 என்று கோடு போட்டார்கள். போடுப்பல், பீர்ஜாதிகூடா, ஜவஹர் நகர், நிஜாம்பேட்டை என்று நம்மவர்கள் வாடகை குறைவென்று குடிபோன இடங்கள் எல்லாம் அதில் அடக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? 2011க்குப் பிறகு நாட்டில் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்படவில்லை. 2025இல் வார்டு எல்லை பிரிக்கும்போதும் கையில் இருந்தது அந்தப் பழைய கணக்குதான். 2011க்குப் பின் வந்து குடியேறிய கட்டடத் தொழிலாளியும், செங்கல் சூளைக்காரரும், இட்லிக் கடைக்காரரும் அந்தக் கணக்கில் இல்லை. வார்டு எல்லை பற்றி ஆட்சேபம் சொல்லக் கிடைத்த அவகாசமோ நாள்கணக்கில்தான். நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

எல்லைகள் மாறினால் அலுவலகமும் மாறும். ஆகவே முதல் வேலையாக உங்கள் தெரு இப்போது எந்த வார்டு, எந்த வட்டம், எந்த அலுவலகம் என்பதைக் கேட்டு, வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பழைய அலுவலகத்துக்கே நடையாய் நடந்து ஒரு நாள் கூலியை இழக்காதீர்கள்.

எண்ணப்படாதவனுக்கு என்ன நஷ்டம்?

"கணக்கில் பெயர் இல்லாவிட்டால் என்ன அண்ணே, கூலி குறையப் போகிறதா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி.

2020 அக்டோபர் மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். 13ஆம் தேதி இரவு வீட்டுக்குள் வந்த தண்ணீர் பல பேட்டைகளில் நாள் கணக்கில் வடியவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 10,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. வரிசையில் நின்றபோது நம்மவர்களில் சிலரிடம் இருந்தது ஊர் முகவரியுள்ள ஆதார் மட்டும். வாடகைச் சீட்டு இல்லை, வீட்டு எண் தெரியாது. நனைந்த பாயும் இடிந்த சுவரும் அவர்களுடையவைதான், ஆனால் காகிதத்தில் அவர்கள் அங்கே இல்லை! தண்ணீர் முகவரி கேட்டு வரவில்லை தோழர்களே. நிவாரணம் மட்டும் முகவரி கேட்டது.

குழாய்க்குப் போடும் தண்ணீர், அங்கன்வாடி, பள்ளி, சுகாதார நிலையம் எல்லாமே தலைக்கணக்கை வைத்துத் திட்டமிடப்படுகின்றன. ஆயிரம் பேர் இருக்கும் சந்தில் நானூறு பேர்தான் கணக்கில் என்றால், நானூறு பேருக்கான குழாயில் ஆயிரம் குடம் வரிசையில் நிற்கும். சண்டை நமக்குள்தான் வரும்.

இப்போது நாடு முழுவதற்குமான கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அறிவித்த அட்டவணைப்படி வீடுகளின் கணக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள், ஒவ்வொரு மாநிலத்திலும் 30 நாட்கள். மக்களின் கணக்கு 2027 பிப்ரவரியில். ஏப்ரல், மே என்றால் பள்ளி விடுமுறை, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும் மாதங்கள். பிப்ரவரி என்றால் பொங்கலுக்குப் போய் அறுவடைக்கும் கல்யாணத்துக்கும் தங்கிவிடும் மாதம். 2024இல் நடந்தது மறுபடி நடக்க வேண்டுமா?

இரண்டு ஊர், ஒரு வாக்கு

அடுத்தது வாக்காளர் பட்டியல். இது நம்மவர்களுக்குக் கசப்பான விஷயம் என்று தெரியும். "ஊரில் ஓட்டு இருந்தால்தான் அண்ணே நான் அந்த ஊர்க்காரன்" என்பார்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் 2025இல் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். தீவிரத் திருத்தம் என்ற பெயரில் நவம்பரில் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். டிசம்பர் 19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவற்றில் 66 லட்சத்துக்கு மேல் இடம் மாறியவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்த 66 லட்சத்தில் நம் தெரு ஆட்கள் எத்தனை பேர்? படிவம் வந்தபோது ஊரில் வீடு பூட்டியிருந்தது. இங்கே இவர்கள் பெயர் பதியவே இல்லை. ஆக, அங்கும் இல்லை, இங்கும் இல்லை!

சட்டம் என்ன சொல்கிறது? ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் வாக்கு. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறு. பொய் உறுதிமொழிக்கு ஒரு வருடம் வரை சிறை உண்டு. ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சங்கம் சொல்லாது. ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள், அந்த ஒன்று நிச்சயமாக இருக்கட்டும் என்பதுதான் நமது கோரிக்கை. இங்கேயே வேலை, இங்கேயே குழந்தைகளின் பள்ளி, இங்கேயே சாக்கடைப் பிரச்சினை என்று இருப்பவர் இங்கே பதிவு செய்வதுதான் நியாயம். ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் இடமாற்றத்துக்குப் படிவம் 8. புதிதாகப் பதினெட்டு நிறைந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வயது நிறைவதைக் கணக்கிடுகிறார்கள். ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. சந்தேகம் கேட்க 1950 என்ற எண்.

பெயர் இருந்தும் போகாமல் இருப்பது இன்னொரு நோய். 2020 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை, மாநகராட்சித் தேர்தல். முந்தின நாள் கார்த்திகைப் பௌர்ணமி விடுமுறை, அதற்கு முந்தினது ஞாயிறு. சேர்ந்தாற்போல் லீவு வந்ததும் நகரம் ஊருக்குக் கிளம்பிவிட்டது. வாக்களித்தவர்கள் பாதிக்கும் கீழே. 2009இலும் 2016இலும் அதே கதைதான். பாதிப் பேர் கேட்காத நகரத்தில், கேட்கிற பாதியின் தெருவுக்குத்தான் விளக்கு முதலில் எரியும்.

குழந்தையும் அரிசியும்

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பிறப்புப் பதிவு. 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயர் வைக்காமலே பதிந்திருந்தால் ஒரு வருடத்துக்குள் பெயரையும் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1ஆம் தேதிக்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம். ஆகவே பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், பிறப்புச் சான்றிதழ் வாங்காமல் ரயில் ஏறாதீர்கள். பிறகு ஓர் எழுத்துப் பிழைக்காக இங்கிருந்து விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் அலைய வேண்டி வரும்.

ரேஷன் விஷயம்: ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. உங்கள் தமிழ்நாட்டு அட்டை முன்னுரிமை அட்டையாகவோ அந்தியோதயா அட்டையாகவோ இருந்தால், இங்குள்ள ரேஷன் கடையில் கைரேகை வைத்து மத்திய அரசின் பங்கு அரிசியை வாங்கலாம். முன்னுரிமை இல்லாத அட்டைக்கு இது கிடையாது. தமிழ்நாட்டு அரசு தரும் பருப்பு, சர்க்கரை, பொங்கல் பரிசு ஆகியவை ஊர்க் கடையில்தான். அட்டையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள்.

பயணம்

இனி நான் கவுண்டர்க்காரனாகப் பேசுகிறேன்.

ஒன்று. முன்பதிவு 120 நாள் என்பது பழைய கதை. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். ஜனவரி 12ஆம் தேதி கிளம்ப வேண்டுமானால் நவம்பர் 13ஆம் தேதி காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். இந்தத் தேதியைத் தீபாவளிக் காலண்டரிலேயே வட்டம் போட்டு வையுங்கள்.

இரண்டு. தட்கல் முந்தின நாள்: குளிர்சாதன வகுப்புக்குப் பத்து மணி, சாதாரண வகுப்புக்குப் பதினொரு மணி. 2025 ஜூலை முதல், கணக்கில் ஆதாரைச் சரிபார்க்காதவர் இணையத்தில் தட்கல் எடுக்க முடியாது. ஆதாரில் கொடுத்த கைபேசி எண் பழைய சிம் என்றால் அதை முதலில் மாற்றுங்கள்.

மூன்று. இணையத்தில் எடுத்த காத்திருப்புச் சீட்டு கடைசிவரை உறுதியாகாவிட்டால் தானே ரத்தாகிவிடும். கவுண்டரில் வாங்கிய காத்திருப்புச் சீட்டை வைத்துக்கொண்டு படுக்கை வண்டியில் ஏறவும் கூடாது. நள்ளிரவில் குழந்தையோடு இறக்கிவிடப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு. எந்த நிலையம் என்று சீட்டில் படித்துப் பாருங்கள். சேர்லபள்ளி முனையம் 2025 ஜனவரி 6ஆம் தேதி திறக்கப்பட்டது. செகந்திராபாத் நிலையத்தை இடித்துக் கட்டும் வேலை தொடங்கியதிலிருந்து பல வண்டிகளை இடம் மாற்றினார்கள். பழக்க தோஷத்தில் செகந்திராபாத்துக்கு ஓடி, அங்கிருந்து ஆட்டோவுக்கு ஐந்நூறு கொடுத்து, வண்டியையும் விட்டவர்கள் உண்டு. சந்தேகம் என்றால் 139க்குப் பேசுங்கள்.

ஐந்தாவது, இது தொழிற்சங்கச் செய்தி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஊருக்குப் போய்வரும் கட்டணத்தை முதலாளி ஒரு தொகையாகக் கொடுக்க வேண்டும் என்று 61ஆம் பிரிவு சொல்கிறது. மாதச் சம்பளம் 18,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு, பத்துப் பேருக்குக் குறையாமல் வெளிமாநிலத்தவர் வேலை செய்யும் இடங்களில் இது பொருந்தும். பயணப்படி 1979ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. எத்தனை மேஸ்திரி கொடுத்தார்? ஒருவர் போய்க் கேட்டால் "நாளைக்கு வராதே" என்பான். பத்துப் பேராகச் சேர்ந்து, சங்கத்தின் கடிதத்தோடு கேளுங்கள். புதிய தொகுப்பு பழைய பாதுகாப்புகள் பலவற்றைப் பிடுங்கிக்கொண்டது என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. மிச்சம் வைத்திருப்பதையாவது கேட்டு வாங்குவோம்.

பூட்டுமுன்

சங்கராந்திக்கு இந்த நகரமே காலியாகிவிடும். விஜயவாடா சாலையில் பந்தங்கி சுங்கச்சாவடியில் கார்கள் மைல் கணக்கில் நிற்கும். இங்கே தெருக்களில் ஆள் இருக்காது. திருடனுக்கு அதுதான் பண்டிகை. பக்கத்தில் இருப்பவரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். டிரம்மில் பிடித்துவைத்த தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசு ஏழெட்டு நாளில் முட்டையிலிருந்து பறக்கத் தயாராகிவிடும். குப்பையை மூட்டை கட்டித் தெருமுனையில் போடாமல், கிளம்பும் காலையில் வண்டிக்காரரிடம் கொடுங்கள். அவர்களும் பெரும்பாலும் நம்மைப் போல வெளியூரிலிருந்து வந்தவர்கள், பண்டிகை நாளில் வேலை செய்கிறவர்கள். குழாய் உடைந்தாலோ சாக்கடை பொங்கினாலோ குடிநீர் வாரியத்துக்கு 155313, மாநகராட்சிக்கு 040-21111111. புகார் எண்ணை எழுதி வைக்க மறக்காதீர்கள். எண் இல்லாத புகார் காற்றில் போன பேச்சு.

முடிவாக

2014 ஆகஸ்ட் 19ஆம் தேதி இந்த மாநிலத்தில் ஒரே நாளில் குடும்பக் கணக்கெடுப்பு நடந்தது. அன்று விடுமுறை விட்டார்கள். அதற்கு முந்தின இரண்டு நாள் மும்பையிலிருந்தும் பிவண்டியிலிருந்தும் சூரத்திலிருந்தும் தெலுங்குத் தொழிலாளர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். நிற்க இடமில்லாத பெட்டியில், கைக்குழந்தையோடு, "எங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்று வந்தார்கள். பிழைக்க வந்தவனின் நிலை எந்த மொழியிலும் ஒன்றுதான். அவர்களுக்குப் பிவண்டி எப்படியோ, நமக்கு ஐதராபாத் அப்படி.

அவர்கள் கணக்குக்காக ஊருக்கு ஓடினார்கள். நாம் ஊருக்கு ஓடுவதால் கணக்கை விடுகிறோம். இதற்குப் பரிகாரம் பண்டிகையை விடுவது அல்ல. ஆடியில் இங்கே போனாலு எடுக்கும் அம்மனும் நம் ஊரில் கூழ் ஊற்றும் அம்மனும் அக்கா தங்கைதான். இரண்டு பேரையும் விட முடியாது. பரிகாரம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம்.

செயற்குழு முன்வைக்கும் தீர்மானம் இதுதான். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பொறுப்பாளர், கூடவே ஒரு பெண் பொறுப்பாளர். ஊருக்குக் கிளம்பும் ஒவ்வொரு குடும்பமும் வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், திரும்பும் தேதி, கைபேசி எண் இவற்றை அந்த நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். கணக்கெடுப்போ, பூத் அலுவலரோ, வேறு யாரோ வந்தால், "இந்த வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள், 20ஆம் தேதி வருகிறார்கள், மறுபடி வாருங்கள்" என்று பொறுப்பாளர் சொல்வார். திரும்பி வந்ததும் அந்தக் குடும்பத்துக்கும் தெரிவிப்பார். நோட்டு சங்கத்தின் பொறுப்பில் இருக்கும். வேறு எவர் கைக்கும் போகாது.

அந்த அம்மா கேட்டாரே, கதவு பேசாதா என்று? பேசாது. பக்கத்து வீடு பேசும். அதற்குத்தான் சங்கம் வைத்திருக்கிறோம். இன்று கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் நோட்டு இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எல்லோரும் ஊர் போய்ச் சுகமாகத் திரும்பி வாருங்கள்.